புளி போட்டுத் தேய்த்த காலணா

எங்கள் பட்டுத் தறியில் இழை தொய்யாமலிருக்க, எடைக்கு ஒரு ஓட்டைக் காலணாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அது லட்சக்கணக்கில் விலைபோகும் என்று என் கணவர் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். விற்கப்போகிற பொருள் பளிச்சென்று இருக்கட்டுமே என்று நான் அதைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

"தேய்ச்சா மதிப்பே பூடுமாம்! ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று கத்தியவர், அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

கிடைத்த விலைக்காவது தள்ளிவிடலாம் என்று ஆரணி பஜாரில் பழைய காசு வாங்குபவரிடம் போனோம். "நான்தாங்க கெடுத்துட்டேன். இவரு என்னாண்ட பேசறதே இல்ல" என்றேன், அழுகை வந்துவிட்டது.

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். அத்தனையும் அதே ஓட்டைக் காலணா. புளியையே பார்க்காத கறுப்புக் காசுகள்.

"வாங்க ஆளில்லாம வச்சிகினு ஒக்காந்திருக்கேன். தேய்க்காததே இருபது ரூபாதான் சார். அவங்கள ஏன் பேஜார் பண்றீங்க?"

கணவர் எங்கள் காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "டீ குடிக்கிறியா?" என்றார்.

காலணா மறுபடி தறியில் தொங்குகிறது. தன் காசு விலைபோகாது என்று கேட்டு, சொன்னவரைக் கையெடுத்துக் கும்பிட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.