ஆண்டிப்பள்ளத்தில் ஒன்றும் இல்லை

கமிட்டியில் இருப்பது பெரிய கௌரவம் என்று யாராவது சொன்னால், ஜெயராணி அவர்களை ஒரு தடவை தன்னோடு கடலூருக்கு வந்து பார்க்கச் சொல்வாள். விடிவதற்குள் தாழைமேட்டிலிருந்து கிளம்ப வேண்டும். கிள்ளைக்கு நடை, அங்கிருந்து சிதம்பரம், சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகளோடு முண்டியடித்து ஒரு பஸ், கடலூரில் இறங்கி செம்மண்டலத்துக்கு இன்னொரு பஸ். பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கே போய் உட்கார்ந்தால், பெரிய அதிகாரி பன்னிரண்டேகாலுக்கு வருவார். ஒரு டீ, இரண்டு பிஸ்கட். எல்லாரும் பேசி முடித்து எழும்போது அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். ஏழு வருஷமாக இதே கதைதான்.

காட்டை ஒரு துறை, மீனை ஒரு துறை, தண்ணீரை ஒரு துறை என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், ஊர்க்காரர்களையும் கேட்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கத்தான் அந்த ஆலோசனைக் குழு. பதினோரு அதிகாரிகள், ஆறு பொதுமக்கள். ஆறில் ஒருத்தர் பெண்ணாக இருக்க வேண்டும், உப்பங்கழியில் இறங்கித் தொழில் செய்கிறவராக இருக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடினார்கள். தாழைமேட்டில் எட்டாவது வரைக்கும் படித்தவள் ஜெயராணி ஒருத்திதான். நான் வரவில்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யார் விட்டார்கள்?

அவள் தொழில் வேறு. சுரபுன்னை என்கிற அலையாத்திக் காட்டுக்கு வெளியே உப்பங்கழியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற தொழில். வலை கிடையாது, படகு கிடையாது. ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும், பிடித்ததைப் பறிக்குள் போட வேண்டும். பன்னிரண்டு வயதில் இறங்கியவள். ஐம்பதை நெருங்கும்போது முன்பல் இரண்டும் கயிறு அறுத்து அறுத்துப் பாதிதான் மிச்சம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கணவன் சுப்புராயன் சிதம்பரத்தில் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான். மகள் இசைவாணி நர்சிங் இரண்டாம் வருஷம். அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்பது அவளுடைய பத்து விரலில்தான்.

அந்தப் பத்து விரலுக்கும், தாழைமேட்டுப் பெண்கள் முப்பது பேருக்கும், சோறு போடுகிற இடம் ஆண்டிப்பள்ளம். பார்த்தால் வெறும் சேற்றுவெளி. மழை ஓய்ந்து தை பிறந்தால், அந்தச் சேற்றில் கையை வைத்த இடமெல்லாம் இறால் துள்ளும். பங்குனி வரைக்கும் அந்த மூன்று மாதம்தான் அவர்களுக்கு வருஷமே.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் அவள் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். கைதடவுகிற பெண்கள் கிடைத்ததை வெளியே சொல்ல மாட்டார்கள். பறி வழிய வழியத் தூக்கிக்கொண்டு கரை ஏறுவார்கள். எதிரே வருகிறவர் என்ன கிடைத்தது என்று கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க, வெறும் சேறு" என்பார்கள். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இடம் தெரிந்தால் நாளைக்கே படகும் வலையுமாக வந்து அள்ளிவிடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

போன ஐப்பசிக் கூட்டத்தில் வனத்துறை ரேஞ்சர் எழிலன் சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டினார். சின்ன வயசு, நல்ல பையன், ஊர்ப் பெண்களிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவர். ஒவ்வொரு இடமாகக் குச்சியால் தொட்டு, இங்கே யார் புழங்குகிறார்கள், என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். குச்சி ஆண்டிப்பள்ளத்தில் வந்து நின்றது. ஜெயராணிக்கு நேர் எதிரே சடையப்பன் உட்கார்ந்திருந்தார். அவரும் பொதுமக்கள் உறுப்பினர்தான், ஆனால் ஒன்பது படகுக்குச் சொந்தக்காரர். அவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

"அங்க ஒண்ணும் இல்லீங்க சார். வெறும் சேறு" என்றாள்.

ரேஞ்சர் எழுதிக்கொண்டார். அவளும் அதோடு மறந்துபோனாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, மலர்க்கொடி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளும் கைதடவுகிறவள், ஜெயராணிக்கு இரண்டு வீடு தள்ளி. ஆண்டிப்பள்ளம் நெடுகச் சிவப்புத் துணி கட்டிக் குச்சி நட்டிருக்கிறார்கள், ஆட்கள் வாய்க்கால் வெட்ட அளக்கிறார்கள், அங்கே சுரபுன்னை நடப்போகிறார்களாம் என்றாள். நட்டுவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மனிதர் கால் வைக்கக் கூடாதாம். ஜெயராணி போய்ச் சண்டை போட்டாள். மேஸ்திரி ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. ஆண்டிப்பள்ளம், மக்கள் பயன்பாடு ஏதுமில்லை, உறுப்பினர் திருமதி ஜெயராணி தெரிவித்தார். கீழே அவளுடைய கையெழுத்து.

மலர்க்கொடி தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஜெயராணி படித்துக் காட்டினாள். திட்டுவாள் என்று பார்த்தால் அவள் திட்டவில்லை. "நான் இருந்தாலும் அதத்தான்க்கா சொல்லியிருப்பேன்" என்றாள். அது இன்னும் வலித்தது.

தைக் கூட்டத்துக்குப் போகும்போது ஜெயராணி ஒரே முடிவோடு போனாள். சடையப்பன் கேட்டால் கேட்கட்டும். இடம் தெரிந்தால் தெரியட்டும். பாதியாவது மிஞ்சும். முப்பது குடும்பத்துக்குச் சோறு போடுகிற சேறு அது என்பதை முழுசாகச் சொல்லிவிடுவது. பஸ்ஸில் பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டும்வரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தாய் பிள்ளையிடம்கூடச் சொல்லாத சங்கதியை மைக் வைத்த மேஜையில் சொல்வதென்றால் சும்மாவா?

தன் முறை வந்ததும் எழுந்து நின்றாள். போன தடவை சொன்னது தப்பு என்றாள். எந்த மாதத்தில் எந்த மூலையில் எவ்வளவு கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கார்த்திகை அடைமழையில் அரிசி நொய் மாதிரி இறால் குஞ்சு லட்சக்கணக்கில் வந்து ஒதுங்குவதையும், அதைத் தின்னப் பூநாரை கூட்டம் கூட்டமாக இறங்குவதையும் சொன்னாள். வாயை மூடிக்கொள்ளக் கையைக்கூடத் தூக்கவில்லை. அறையே அவளைப் பார்த்தது. ஏழு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசியதில்லை.

ரேஞ்சர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது வருஷ அனுபவத்தை இப்படி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை என்றார். உடனே பெரிய அதிகாரியிடம் திரும்பி, அங்கே செடி நட்டால் பெரிய தவறாகிவிடும், நடவை நிறுத்திவிடலாம் என்றார். பெரிய அதிகாரி தலையாட்டினார். ஜெயராணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

ரேஞ்சர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். "இவ்ளோ குஞ்சு வளர்ற எடத்துல ஆளுங்க கால் படக்கூடாதுங்க சார். பறவையும் ஜாஸ்தியா எறங்குதுன்னு அம்மாவே சொல்றாங்க. வருஷம் பூரா மூடி வெச்சுப் பாதுகாக்கணும்" என்றார்.

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். அவள் மறுபடி எழுந்தாள். எங்கள் கையில் பெரிய இறால்தான் சிக்கும், குஞ்சு பறியின் சந்தில் நழுவிப் போய்விடும், எங்கள் தாயும் பாட்டியும் தடவிய சேற்றில்தான் இன்றைக்கும் இவ்வளவு வளர்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டார். மனசறிந்து கெடுதல் செய்கிறவர் இல்லை அவர். அதுதான் கொடுமை.

"நீங்க சொல்றது நியாயமா இருக்கும்மா. எழுதிக் குடுங்க. அடுத்த கூட்டத்துல வெச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் மட்டும் யாரும் எறங்க வேணாம்" என்றார்.

அடுத்த கூட்டம் சித்திரையில். தையும் மாசியும் பங்குனியும் போன பிறகு. இசைவாணியின் காலேஜ் சித்திரை வரைக்கும் காத்திருக்குமா? முப்பது வீட்டு அடுப்பு காத்திருக்குமா? குறிப்பில், உறுப்பினர் திருமதி ஜெயராணி தெரிவித்த அரிய தகவலின் அடிப்படையில் என்று எழுதினார்கள். நோட்டு அவளிடம் வந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்று தள்ளிவிட்டாள். அது வெறும் வருகைப் பதிவுதான், போடாவிட்டாலும் தீர்மானம் தீர்மானம்தான் என்று பக்கத்திலிருந்த கிளார்க் விளக்கினார். வாசலில் சடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே, "இவ்ளோ நாளா எப்படித் தங்கச்சி மூடி வெச்சிருந்தே" என்று கேட்டார். கேலியா பாராட்டா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மலர்க்கொடி காத்திருந்தாள். ஊர்ப் பெண்கள்தான் அனுப்பியிருந்தார்கள், கிள்ளை வரைக்கும் பொறுக்க முடியவில்லையாம். ஜெயராணி முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. கரும்புச் சாறு வண்டி ஓரமாக நிழலில் இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஜெயராணி ஒன்றையும் மறைக்கவில்லை.

"நட மாட்டாங்களாம். ஆனா நம்மளும் எறங்கக் கூடாதாம்" என்றாள்.

மலர்க்கொடி கேட்டாள். "நீ அந்தக் கமிட்டிக்கே போவாம இருந்தா என்னக்கா ஆயிருக்கும்?"

"அப்பவும் பூட்டத்தான் பூட்டுவாங்க. நம்மளக் கேக்காமப் பூட்டுவாங்க."

"அப்ப, கேட்டுட்டுப் பூட்டுறதுக்குத்தான் உன்னக் கூப்புடுறாங்களா?"

ஏழு வருஷ பஸ் பயணத்தில் ஜெயராணி இதை இப்படிக் கேட்டுப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. சுற்றிலும் ஆட்டோக்காரர்களும் பூக்காரிகளும் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள். மலர்க்கொடி முந்தானையைக் கொடுத்தாள். அழுது ஓய்ந்த பிறகு, சித்திரைக் கூட்டத்துக்குப் போவாயா என்று மட்டும் கேட்டாள்.

"போவாம? நான் போவலன்னா அந்த நாற்காலியில சடையப்பன் ஆளு ஒருத்தன் உக்காருவான். போவேன்டி" என்றாள் ஜெயராணி. "போயி என்னத்தச் சொல்றதுன்னுதான் தெரியல. பொய்யும் சொல்லியாச்சு. நெஜத்தையும் சொல்லியாச்சு."

கிள்ளை பஸ் வந்தது. உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிள்ளை வரைக்கும் நின்றே போனார்கள்.