தங்கச்சியின் காணிக்குப் போகும் வழி

அம்மா எங்கள் இருவருக்கும் சீதனம் பிரித்தபோது குருக்கள்மடத்து வீடும் வளவும் மூத்தவளான எனக்கு வந்தன. தங்கச்சிக்குக் கிடைத்தது வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் அப்பா காடு வெட்டிச் செய்த மேட்டுக் காணி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. அம்மா அதைக் கொடுத்ததும் அவள் வாங்கியதும் ஒரு பேச்சுக்குத்தான். அவள் காணி உறுதிப் பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வாடகை வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் றோட்டோரத்துக் கல்வீட்டில் இருந்தேன்.

சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து அவளுடைய புருஷன் கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலையாக அந்தக் காணியைப் போய்த் தேடினார். கிணற்றுக்கட்டு இருந்தது, எல்லைக் கல்லும் இருந்தது. மற்றதெல்லாம் மரமாகிவிட்டது. காணியைச் சுற்றியும் காடு, அது அரசாங்கக் காடு. வயல் வட்டைக்குப் போகும் கிறவல் மண் றோட்டு ஒரு வாய்க்காலோடு முடிந்துவிடும். அங்கிருந்து காணிவரை அந்தக் காட்டுக்குள்ளால் வழி கேட்க வேண்டும்.

கேட்டார்கள். ஒரு சின்ன வீடு, கஜு, கொஞ்சம் சோளன், நாலைந்து மாடு, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று போய்வரும் அகலத்தில் ஒரு றோட்டு. அவ்வளவுதான் அவர்களுடைய ஆசை. காட்டுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராய்ந்து பார்த்த பிறகுதான் முடிவு சொல்வோம் என்றார்கள் அதிகாரிகள். அறிவித்தல் ஒட்டினார்கள், ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள். மாதங்கள் போயின.

அந்த நாட்களில் தங்கச்சி அடிக்கடி என் வீட்டுக்கு வருவாள். குசினியில் பலகைக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து, தான் கட்டப்போகும் வீட்டைப் பற்றிக் கதைப்பாள். எந்தப் பக்கம் வாசல், எங்கே அடுப்படி, எல்லாம் அவள் மனதில் கட்டி முடிந்திருந்தது. ஒரு நாள் சொன்னாள்:

“அப்பா என்னை வண்டில்ல வச்சிக் கொண்டு போன ஞாபகமா இரிக்கு அக்கா. ரெண்டு பக்கமும் காடு. மாட்டுக் கழுத்து மணி கிலுங்கிக் கிலுங்கிப் போகும். நான் அப்பாட மடியில. மேல பாத்தா கொப்பெல்லாம் ஒண்டோட ஒண்டு சேந்திருக்கும்.”

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லையே என்று மனதுக்குள் ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவள் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. அவளுக்கு அப்பாவைப் பற்றி இருக்கிற ஞாபகமே இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்றைத் திருத்தி எனக்கு என்ன வரப்போகிறது? “ஓம் கா, நீ மடியை விட்டு இறங்க மாட்டாய்” என்று மட்டும் சொன்னேன். அந்த வண்டில் கதையை அவள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

காட்டைப் பார்வையிட வரும் நாளில் என்னையும் கூப்பிட்டாள். காணி இருந்த நிலையை நேரில் கண்டவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இருவர்தான். அதனால் நானும் போனேன். எங்கள் பக்கத்தில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பெரிய மிதவையைப் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். அதில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் கிறவல் றோட்டு முடிவுக்குப் போனோம். சுற்றாடல் பாதிப்பை மதிப்பிட வந்தவள் ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. முக்காட்டின் மேல் தொப்பி போட்டு, காலில் சப்பாத்துப் போட்டிருந்தாள். கூடவே காட்டுக்குப் பொறுப்பான ஒரு சிங்கள உத்தியோகத்தர், நடுத்தர வயது, நன்றாகச் சிரித்துப் பேசுகிறவர்.

நடக்க நடக்க அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பாலை, வீரை, கூழா மரங்கள். ஒரு தாழ்வில் வற்றிப்போகாத சின்னக் குளம். அதன் கரைச் சேற்றில் யானை அடிகள், பெரியதும் குட்டியினதும். அதைக் கண்டு தங்கச்சியின் புருஷன், “றோட்டுப் போட்டாலும் நாங்க இரவில ஓட மாட்டம் மிஸ்” என்றார். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

குளத்தைத் தாண்டியதும் மரங்களுக்கிடையில் ஓர் அகலமான வெளி நேராகப் போனது. தங்கச்சி ஓடிப்போய் அதன் நடுவில் நின்றாள்.

“இதுதான் மிஸ்! இதுதான் அந்த வண்டில் றோட்டு. இதாலதான் அப்பா எங்களக் கொண்டு வந்த.”

சிங்கள உத்தியோகத்தர் இரண்டு பக்கமும் பார்த்தார். “அம்மா, இது யானை போற வழி” என்றார் மெதுவாக. “மரத்தில சேறு பாருங்க, எவ்வளவு உயரத்தில.”

“இப்ப யானை போகும் சேர். அந்த நாளையில வண்டில் போன.”

அந்தப் பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்தாள். பழைய வண்டிப்பாதை ஒன்று முன்பே இருந்திருந்தால் அதைத் துப்புரவாக்கக் கேட்பதாக எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் புதிதாகக் காட்டை வெட்டக் கேட்பதாகத்தான் ஆகும், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் என்று தங்கச்சியிடம் அவள் முன்பே விளக்கியிருந்தாளாம். என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் கேட்பதுதான் அவளுடைய முறையாக இருந்திருக்கும்.

“பெரியம்மா, நீங்க சின்ன வயசில இஞ்ச எப்படி வாற?” என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்வி. அப்பாவைப் பற்றி என்னிடம் யாரும் எதையும் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

“தோணியிலதான் மகள் வாற. வாவியால வந்து, அந்த ஓடைக்குள்ள திரும்பி, காணிக்குக் கீழ துறை ஒண்டு இருந்த, அதில இறங்குற.”

“வண்டில்?”

“வண்டில் இருந்த. ஆனா அது காணிக்குள்ள மட்டும்தான் ஓடின. முறிச்ச சோளனத் துறைக்கு இறக்கிறத்துக்கு. சக்கரம் ரெண்டையும் அப்பா தோணியில வச்சித்தான் கொண்டு வந்த. நான் அந்தச் சக்கரத்து மேல கால வச்சிக்கிட்டு இருந்து வந்த. இஞ்ச கொண்டு வந்து போட்டுத்தான் வண்டில் பூட்டின.”

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது பத்து. தோணி ஒரு பக்கம் சரிந்தது, அப்பா என்னை ஏசியது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் திரும்பினேன்.

தங்கச்சி அந்த வெளியின் நடுவிலேயே நின்றாள். அவள் முகத்தில் கோபத்தை நான் எதிர்பார்த்தேன், கோபம் இல்லை. கூட்டத்தில் கையைத் தவறவிட்ட குழந்தை மாதிரி ஒரு திகைப்பு.

வாவியைக் கடந்து திரும்பி வரும்போது பாதையில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். என் குசினிக்குள் வந்ததும் அவள் சொன்னாள்:

“தெரியா எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா.”

“கேட்டதுக்குத்தான் சொன்ன கா. நான் பொய் சொல்லல்ல.”

“நானும் பொய் சொல்லல்ல. எனக்கு அப்பிடித்தான் ஞாபகம். நான் இந்தக் குசினிக்குள்ள இருந்து உன்னட்டச் சொன்ன. அப்ப நீ ஓம் எண்டுதானே சொன்ன? அது பிழை எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, நான் எழுதியிருக்க மாட்டன். அத்தின பேருக்கு முன்னால...”

அவளுடைய புருஷன் அவளைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, “யோசிக்காதீங்க அக்கா” என்றார். நல்ல மனிதர்.

முடிவு வர இன்னும் சில மாதம் எடுத்தது. வாகனம் போகும் வழிக்கு அனுமதி இல்லை. நடந்து போகலாம், பழைய துறையைத் திருத்தித் தோணியில் போகலாம், அதற்கு உதவி செய்யலாம் என்று எழுதியிருந்தது. காரணங்களை நான் வாசித்தேன். யானைகள் நடமாடும் வழி, கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளம், ஒரு தடவை வெட்டித் திறந்தால் அதற்குள்ளால் மரம் கடத்துபவனும் மண் அள்ளுபவனும் போவான் என்கிற பயம். ஒன்றையும் பிழை சொல்ல முடியவில்லை. கிறவல் றோட்டு வந்த வேறு இடங்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்பு வழி இருந்ததற்குச் சான்று இல்லை என்ற ஒரு வரியும் நடுவில் இருந்தது. அந்த வரி என்னால் வந்தது.

நான் சொல்லாவிட்டாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று என் மகன் சொல்கிறான். இருக்கலாம். யானை மரத்தில் பூசிய சேற்றை எல்லோரும்தான் கண்டார்கள். ஆனால் அந்தக் காட்டுக்குள் தங்கச்சி இழந்தது றோட்டை மட்டுமல்ல. அப்பாவின் மடியில் இருந்து காடு முழுக்கப் போய் வந்தவள், அன்றைக்குப் பின் ஒரு சோளன் காணிக்குள் கொஞ்சத் தூரம் போய் வந்தவளாகிவிட்டாள். இன்னொரு தடவை கேட்டாலும் நான் உண்மையைத்தான் சொல்வேன். ஆனால் அதை அவளுக்கு முதலில் சொல்லியிருப்பேன். தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வண்டில் எங்கே ஓடியது என்று மெதுவாகச் சொல்லியிருப்பேன். அவள் அழுதிருந்தால் அது எனக்கு முன்னால் மட்டும் அழுததாக இருந்திருக்கும்.

தோணியில் போய்வந்து சீவிக்க அவர்களுக்கு இனி வயதில்லை. அவளுடைய புருஷனுக்கு இடுப்பு நாரி வருத்தம் வேறு. ஒரு நாள் நான் அவளிடம் போய்ச் சொன்னேன்: “என்ட வளவில பாதிய எழுதித் தாறன். கிணத்தடிப் பக்கம் வீடு ஒண்டக் கட்டு.” நான் பல நாள் யோசித்துத்தான் சொன்னேன். பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டேன்.

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. “அது அம்மா உனக்குத் தந்த அக்கா. எனக்குத் தந்தது எனக்கு இரிக்கு” என்றாள். குரலில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது அவர்கள் திருகோணமலையில் மகளோடு இருக்கிறார்கள். காணி அப்படியேதான் கிடக்கிறது. அந்தக் காட்டைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அவள் கிழமைக்கு ஒரு தடவை போன் எடுப்பாள். மழையா, கச்சான் காற்றா, கோயில் சடங்கு எப்போது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, எல்லாம் கேட்பாள். எல்லாம் கேட்டு முடிந்த பிறகும் இருவரும் உடனே வைப்பதில்லை. அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அப்பாவைப் பற்றி நான் ஏதாவது சொல்வேனென்று அவள் இருக்கிறாளா, அவள் கேட்பாளென்று நான் இருக்கிறேனா, தெரியவில்லை. பிறகு, “சரி அக்கா, வைக்கிறன்” என்பாள்.