மில் நின்ற மாதத்துப் பச்சை

அந்தப் பச்சை முதலில் ஒரே ஒரு குப்பியில், ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதை மறுபடி வரவழைக்கத்தான் தொண்ணூறுகளின் கடைசி வருடங்களைத் தொலைத்தேன்.

கோயமுத்தூரில் ஒரு மில்காரக் குடும்பம் கட்டிய கல்லூரி. அதில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி நான். ஃபோட்டானிக் கிரிஸ்டல் வளர்ப்பது என் வேலை. பெயர்தான் பெரிசு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகளை ஒரே அளவில் செய்து, தண்ணீரில் கலந்து குப்பியில் ஊற்றி, அவை அடியில் படியும்வரை வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல உருண்டைகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு நிற வெளிச்சம் மட்டும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பி வரும். சாயம் கிடையாது, அந்த அடுக்குதான் நிறம். அடுக்கு குலைந்தால் எல்லா நிறமும் கண்டபடி சிதறி வெறும் வெள்ளையாகிவிடும்.

அந்த ஒரு பச்சைக்குப் பிறகு எனக்கு வெள்ளைதான் வந்துகொண்டிருந்தது. உருண்டை செய்யச் சேர்க்கும் அமோனியாவைக் கூட்டினேன், குறைத்தேன். சூடு ஏறினால் உருண்டை சிறுத்துப்போகும் என்று ஐஸ் தண்ணீரில் வைத்துச் செய்தேன். சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும் என்று ஈரத்துணி சுற்றிக் காயவிட்டேன். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஊசிபோல எழ வேண்டிய இடத்தில் மொண்ணையாக ஒரு மேடு எழுந்தது. ஒவ்வொரு நாள் காலையும் குப்பியைத் தூக்கிப் பார்ப்பேன். எதற்கும் லாயக்கில்லாதவள் என்று அந்த வெள்ளை என் முகத்துக்கு நேரே சொல்வதாகத் தோன்றும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஒருக்கா வந்ததெல்லாம் கணக்குல சேராதுங்க அம்மணி. மறுபடி வரோணும்" என்பார். பதிவுக்காலத்தை ஏற்கெனவே நீட்டித்தாகிவிட்டது. அந்த வருடத்துக்குள் பச்சை வராவிட்டால் பட்டமும் இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா அப்பாவைக் கிண்டல் செய்தாள். "போன வருசம் லே-ஆஃப்ல மில்லு நின்ன மாசம் உங்கப்பன் ரேடியோவக் கட்டீட்டுக் கெடந்தாரு. இப்பத்தான் ஊடு ஊடு மாதிரி இருக்குது."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. என் பச்சை படிந்தது அந்த மாதத்தில்தான்.

அப்பா வேலை பார்த்தது கல்லூரிக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், அதே குடும்பத்தின் நூல் மில்லில். பிறந்ததிலிருந்து மில் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவளுக்கு மில் மெஷின்களின் அதிர்வு உறைத்ததே இல்லை. படிகிற உருண்டைகளை அதுதான் குலைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மறுநாள் லேபில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பிச் சுவரில் விழும்படி செய்தேன். சிவப்புப் புள்ளி நடுங்கிக்கொண்டே இருந்தது. மில்லின் வார விடுமுறையன்று அசையாமல் நின்றது.

மேஜைக்கு அடியில் மணல் கொட்டினேன். பஞ்சர் கடையில் பழைய ட்யூப் கேட்டு வாங்கி, காற்றடித்து அதன்மேல் பலகை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்றால் வீடும் சேர்ந்து அதிர்கிறது. வெறுத்துப்போய் அப்பாவிடம் சொன்னேன். "உங்க மில்லுதானுங்கப்பா என்னோட கிரிஸ்டலக் கெடுக்குது."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப உனக்கோசரம் மில்ல நிறுத்திப்போடச் சொல்லட்டுமா கண்ணு?"

சில வாரங்களில் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த முறை தற்காலிக லே-ஆஃப் இல்லை. ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. அந்த வயதில் சேர்த்துக்கொள்ளவும் ஆளில்லை. ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே திரும்புவார். ரேடியோவைக்கூடத் தொடவில்லை. அம்மா கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில்தான் என் குப்பிகள் பச்சையாயின. ஒன்று மட்டுமல்ல, வைத்தது எல்லாமே. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஊசிச் சிகரம் எழுந்தது. பேராசிரியர் முதல் தடவையாகச் சிரித்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்லூரி கட்டிய கையே மில்லையும் மூடியிருந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டில் உட்கார முடியாமல் ஒருநாள் அப்பா லேபுக்கு வந்தார். நான் படித்த இடத்தை அதுவரை அவர் பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். காய்ந்த கிரிஸ்டல் துண்டொன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினேன். பச்சை மெல்ல நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மில்லு நின்னதுக்கப்புறம் வந்ததா இது?"

"ஆமாங்கப்பா."

மறுபடி சாய்த்துப் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப இனி எல்லாமே நல்லா வருமில்ல கண்ணு?"

"வருமுங்கப்பா" என்றேன். அவருக்குப் பின்னால் சுவரில் லேசரின் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது.