கலர் பாட்டிலும் நான் தூக்காத கையும்

சபையாரே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆண்டவர் செய்த நன்மையை நினைத்து அழுகிறேன், அதே மூச்சில் பல்லையும் கடிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருநூறு மூடு ரப்பர் மரம் உண்டு. என் கணவர் தாசன் பால் வெட்டுவார். நான் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அந்தப் பாலில் ஆசிட் கலந்து உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிப்பேன். ஆசிட்டைக் கடையில் சில்லறையாக ஊற்றித் தருவார்கள், பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கல்யாண வீட்டில் குடித்து மிஞ்சுகிற கலர் சோடா பாட்டில்தான் எல்லார் கையிலும் இருக்கும். நானும் அப்படித்தான். குடிக்கிற தண்ணீரும் அதே மாதிரி பாட்டிலில், அதே ஷெட்டில், அதே திண்டில் இருக்கும்.

போன வருடம் அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பால் எடுத்துவிட்டுத் தாகத்தோடு ஷெட்டுக்குள் வந்தவர், ஒரு பாட்டிலைத் திறந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஷெட் முழுக்க எப்போதும் ஆசிட் நெடி, தனியாகத் தெரியாது. பாதியைத் துப்பினார், பாதி இறங்கிவிட்டது. அவரால் கத்தக்கூட முடியவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிருந்தது. அந்தப் பாட்டிலை முந்தின நாள் அங்கே வைத்தது நான்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஞானம் அக்கா வந்து பார்த்தார்கள். திரும்பி ஓடி ஒரு செம்பு உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

“ஏட்டி, இத குடுத்து கக்க வைட்டி! சும்மா பாத்துட்டு நிக்கியா?”

“ஆண்டவரே, இவரை எனக்குத் தாரும்” என்று அலறினேன். அப்போது என் காதில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத குரல் அது.

யாருடையது என்று சொல்கிறேன். அதற்கு மூன்று வாரம் முந்தி, ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் ரப்பர் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். போதகர் அறிவித்துவிட்டாரே என்று போனேன். வடை உண்டு என்றும் சொன்னார்கள். பேச வந்த அம்மாவுக்கு மைக் வேலை செய்யவில்லை, தொண்டை கிழியப் பேசினார்கள். வீட்டில் மீன் குழம்பு வைக்க நேரமாகிறதே என்று எனக்கு எரிச்சல். பாதியில் அவர்கள் ஒரு கலர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள்.

“யாரு வீட்டுல இதுல ஆசிட் வச்சிருக்கீங்க? கைய தூக்குங்க பாப்போம்.”

ஒரு கைகூட எழும்பவில்லை. நானும் தூக்கவில்லை. சபை மண்டபத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமலேயே பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, பாட்டிலை மாற்றவேண்டும் என்று கணவரிடம் சொல்லத்தான் செய்தேன். “இத்தன வருசமாட்டு ஒண்ணும் ஆவல்ல. நீ மிண்டாம இரி” என்றார். நானும் மிண்டாமல், வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்த அம்மாவின் உடைந்த குரல்தான் அன்று ஷெட்டில் என் காதில் கேட்டது. ஆசிட் குடித்தவரைக் கக்க வைக்கக் கூடாது, வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னார்களே, அது.

நான் செம்பைத் தட்டிவிட்டேன். “கக்க வைக்கப்பிடாது அக்கா! ஆட்டோவ விளிங்க!”

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் அவர் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பிழைப்பாரா என்று கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். நான் கண்ணீரோடு ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். முதல் நாளே ஆண்டவரோடு சண்டை போட்டேன். வாராவாரம் வந்து உம் முன்னால் உட்காருகிறேனே, அவர் பாட்டிலை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டால் என்ன குறைந்துபோகும் உமக்கு என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“வாந்தி எடுக்க வச்சிருந்தா வெந்த இடமே இன்னொரு தடவ வெந்திருக்கும். நீங்க செய்யாதது நல்லதாப் போச்சு. யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

சபை மண்டபத்தில் ஒரு அம்மா சொன்னார்கள் என்றேன். நான் கேட்பதற்கு மூன்று வாரம் முந்தியே ஆண்டவர் பதிலை அனுப்பிவிட்டார். நான் மீன் குழம்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு கரண்டி கஞ்சித்தண்ணீர் இறங்கியது. அவர் அழுதார், நானும் அழுதேன். இன்று நடமாடுகிறார், பால் வெட்டுகிறார். எங்கள் ஆசிட் இப்போது தனிக் கேனில், பேர் எழுதி, பூட்டின அலமாரியில் இருக்கிறது. சாவியை அவரே வைத்துக்கொள்கிறார். பாடகர் குழுவில் பாடின அவர் குரல் மட்டும் திரும்பவில்லை. அதற்காக இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இதை நான்கு சபைகளில் சொல்லிவிட்டேன். எல்லா இடத்திலும் அல்லேலூயா என்கிறார்கள், அழுகிறார்கள். போன மாதம் அப்படி அழுத ஒரு சகோதரி ஜெபிக்க என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். புறப்படும்போது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். திண்டில் கலர் பாட்டில்!

“நாளைக்கு மாத்திருவேன் அக்கா” என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். கேன் வாங்கி வரும்வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

ஆண்டவரை நம்புங்கள், கூப்பிட்டால் கேட்கிறவர் அவர். ஆனால் அவர் சொல்லி அனுப்பியதைக் காதில் வாங்காமல் கூப்பிடாதீர்கள். அந்த அம்மா கேட்டதையே நானும் கேட்கிறேன். உங்களில் யார் வீட்டில் கலர் பாட்டிலில் ஆசிட் இருக்கிறது? கையைத் தூக்குங்கள்.

ஒருவரும் தூக்கவில்லை. சரி, நானும் அன்று தூக்கவில்லை. ஆமென் சொன்னதும் டீக்கு நிற்காதீர்கள். நேராக வீட்டுக்குப் போய் ஷெட்டைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு தோத்திரம் சொல்லுங்கள், நானும் கூடச் சொல்கிறேன்.