ரோட்டரி கேட்டது நான்தான்

ரோட்டரி பாலிஷர் வாங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

மலைமேல் பெர்ன்ஹில் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறோம். வண்டி கழுவுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவர். பாலிஷ் போடுவது நான். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் ஊர்க் கார்களுக்கென்று ஒரு சீக்கு உண்டு. விடிந்ததும் வண்டிமேல் கிடக்கும் பனியைக் கையில் கிடைத்த துணியால் துடைப்பார்கள். துணியில் ஒட்டிய மண் பெயிண்டில் வட்டவட்டமாகக் கீறல் போடும். வருஷக்கணக்கில் துடைத்த வண்டியில் அது ஆழமாக இறங்கியிருக்கும். என்னிடம் இருந்த மிஷின் சுற்றிக்கொண்டே ஆடும். பெயிண்டைக் கெடுக்காது, ஆழமான கீறலை எடுக்கவும் செய்யாது. ரோட்டரி ஆடாமல் ஒரே போக்கில் சுற்றும். கீறல் போய்விடும். கை தப்பினால் பெயிண்டும் போய்விடும்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் யோசித்தேன். என் பயமெல்லாம் ஒன்றுதான். இந்தக் குளிரில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை இறுகிக்கொள்ளும். அதனால் மிஷினை முதலில் ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தி, தகட்டில் சூடேற்றிக்கொண்டு பிறகு நகர்த்துவது எங்கள் பழக்கம். ஆடுகிற மிஷினில் அதனால் கெடுதல் இல்லை. ரோட்டரியில் அப்படிச் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் பெயிண்ட் வெந்துவிடும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பானெட்டை வாங்கிவந்து கடைக்குப் பின்னால் சாத்திவைத்தேன். இதில் கை பழகாமல் யார் வண்டியையும் தொடக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மிஷின் வந்தது. பெட்டியைப் பிரித்தவர் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறது, இது ஆம்பளை பிடிக்கிற மிஷின் என்றார். வண்டி கழுவுவது இனி உன் வேலை என்றார். கேட்டவள் நான், அலசிப் பார்த்தவள் நான், எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் குழாய். ஆனாலும் சொன்னேன்.

"ஏனுங்க, ஒரே எடத்துல நிறுத்தாதீங்க. இது பழைய மிஷின் மாதிரி இல்லீங்க."

நான் பார்க்காத வண்டியா என்று சிரித்தார்.

முதலில் வந்தது லவ்டேல் பெரியவருடைய சிவப்பு வண்டி. எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பாலிஷ் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. நான் வெளியூர் போயிருந்தால்கூட வரும்வரை காத்திருப்பார். வண்டியை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

நான் வேறொரு வண்டிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பானெட் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பே இல்லை, அடியில் இருந்த சாம்பல் பூச்சு தெரிகிறது. எங்கள் பழக்கப்படி சூடேற்றியிருக்கிறார்.

பெரியவர் வந்தார். குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"புது மிஷினுங்க. அவ கைக்கு நிக்கலீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியவர் நம்பமாட்டார் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் என் வேலையைப் பார்த்தவர் ஆயிற்றே. அவர் என்னைப் பார்த்தார், கோபம்கூட இல்லை.

"உடு அம்மிணி. இதெல்லாம் பொம்பளைங்களுக்குச் சரிப்பட்டு வராது."

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டவரிடம் எதைச் சொல்வது? கட்டியவனைப் பொய்யன் என்று கடை வாசலில் சொல்ல நாக்கும் எழவில்லை.

பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். பெரியவர் இன்றும் எங்களிடம்தான் வருகிறார். சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது, அந்த அம்மிணி கை வைக்க வேண்டாம் என்று மெல்லிய குரலில் சொல்கிறார். குழாயைப் பிடித்தபடி நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர், "சரிங்க" என்கிறார்.