எதுக்கும் டீச்சர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கியதை நம்பாமல் சுவிட்சையும் அணைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அறிவியல் டீச்சர் மாணவிகள் செய்த மாதிரியைத் தொடுவார். பள்ளியின் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் அவர் கைப்பையில் தீக்காய மருந்து, கையுறை, மூன்று சுருள் ஒட்டுநாடா எல்லாம் ஏறிவிடும். “எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுங்க” என்பார், மணிக்கு நாற்பது முறை. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் எதுக்கும் டீச்சர். அது அவருக்கும் தெரியும்.

பயந்த சுபாவம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமை ஆசிரியர் எதிரே வந்தால் தப்பே செய்யாமலும் சுவரோடு ஒட்டிக்கொள்வார். ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: “வந்தத எழுதுங்க. வரணும்னு நினைச்சத எழுதாதீங்க.” கண்காட்சிக்காகப் பிள்ளைகள் பேசிப் பழகும்போது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, காது கேளாதவர் போலக் கையைக் காதில் குவித்துக்கொள்வார். எப்பேர்ப்பட்ட கூச்சக்காரியின் குரலும் தானாக உயரும்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பெண்கள் மூவர் குடிநீரைச் சோதித்தார்கள். ஐந்து இடத்துத் தண்ணீர், ஐந்து பாட்டில்கள், உள்ளே மருந்து தோய்த்த காகிதம். தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். நான்கு தெளிவாக நின்றன. பள்ளித் தொட்டித் தண்ணீர் மைபோலக் கறுத்தது. டீச்சர் வேறு பாட்டிலை வெந்நீரில் போட்டெடுத்து மறுபடி வைத்தார். கறுத்தது. மூன்றாம் முறையும்.

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்காட்சி முடியட்டும், தொட்டியைக் கழுவிக்கொள்ளலாம், நான்கு பாட்டிலே போதும் என்றார். கதவு வரை கூட வந்து, “உங்க பெர்மனன்ட் ஆர்டர் இந்த மாசம்தானே வருது?” என்று விசாரித்தார்.

தன் வகுப்பை வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். மற்ற வகுப்புகளுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. கண்காட்சி அட்டவணையில் பள்ளித் தொட்டிக்கான ஐந்தாவது வரியை மறைக்கச் சொன்னபோது, மூவரில் நெட்டையானவள் கேட்டாள்: “அப்போ வந்தத எழுத வேணாமா டீச்சர்?” டீச்சர் ஒட்டுநாடாவின் நுனியை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார். பிறகு அவரே அந்த வரியின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார்.

கண்காட்சியன்று சிறப்பு விருந்தினர் அந்த மேசைக்கு வந்தார், கூடவே தலைமை ஆசிரியர். நெட்டைப் பெண் நான்கு பாட்டில்களையும் தடுமாறாமல் விளக்கினாள். வெள்ளைத் தாளருகே குரல் கம்மியது. விருந்தினர் பாராட்டத் தொடங்கி இருமினார். ஒன்றும் அறியாத பள்ளி உதவியாளர் ஓடிப்போய், தொட்டித் தண்ணீர் வரும் வராந்தாக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து வந்து நீட்டினார். தலைமை ஆசிரியர் அதைப் பார்த்தார். முகத்தை அடுத்த மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்ளர் விருந்தினரின் உதட்டருகே போனது. டீச்சர் மேசையைச் சுற்றி வந்து அதன் வாயை உள்ளங்கையால் மூடினார். மூடிய வேகத்தில் தண்ணீர் விருந்தினரின் சட்டையில் சிந்தியது. டீச்சர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.