சாம்பசிவத்துக்குப் போடாத இலை

தவமலர் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது. இரவில் அதை அவர் போட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் யாரும் பார்த்ததில்லை. கேமரன் மலைக் குளிர் எலும்பைத் துளைக்கும் மார்கழியிலும் கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் படுப்பார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் சசிரேகா தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள்.

"மாமா வந்தா வீடு தெரியாம நிக்கும்டி" என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைத்த பதில்.

அந்த மாமா, தவமலரின் அண்ணன் சாம்பசிவம். காலாட்படைச் சிப்பாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், இருபத்திரண்டு வயதில், வடக்கே எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகள் புதைத்த கண்ணிவெடியை மிதித்துச் செத்தான். செத்தான் என்று பட்டாளம் சொன்னது, அம்மா நம்பவில்லை. எப்படி நம்புவார்? கொடி போர்த்தி வந்த பெட்டியில் ஆணி அடித்திருந்தது. திறக்கவே கூடாது என்று கூட வந்த அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூஞ்சியக் காட்டாம குடுத்தா அது எம்புள்ள இல்ல" என்று அம்மா வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. கல்யாணமாகாத பையனை எரிக்கக் கூடாதென்று, ஆண்கள் மட்டும் தூக்கிப்போய்த் தேயிலைக் காட்டோர இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வருஷம், கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரிக்காரன் ஒருவன், எல்லைப் பக்கம் சாம்பசிவம் மாதிரியே ஒருத்தனைப் பார்த்தேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டே அம்மா இருபது வருஷம் வாழ்ந்தார். யூனிஃபார்மில் எடுத்த படத்துக்கு மாலை போட விடவில்லை, பொட்டு வைக்க விடவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் லயம் முழுக்கச் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும். இந்த வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் இலை. சாகிற நேரத்திலும் தவமலரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"உசுரோட இருக்கவனுக்குப் படைச்சிறாத."

தவமலர் மீறவில்லை. கூடை சுமந்து கொழுந்து கிள்ளினார், பிறகு கத்தரியால் வெட்டினார், கட்டிய கணவரையும் அதே இடுகாட்டுக்கு அனுப்பிவைத்தார், வேலையிலிருந்தும் ஓய்ந்தார். அண்ணனுக்கு இலை மட்டும் போடவில்லை.

இந்த வருஷ மழையில் இடுகாட்டு மேடு சரியத் தொடங்கியது. குழிகளைத் தோண்டி மேட்டுக்கு மேலே மாற்ற, கோயில் தலைவர் காளியண்ணன் ஏற்பாடு செய்தார். சாம்பசிவத்தின் முறை வந்தபோது தவமலரை அழைத்துப் போனார். பெட்டிக்குள் வேறு யாராவது இருக்க வேண்டும் என்று தவமலர் வேண்டிக்கொண்டார். அதுவும் எவளோ பெற்ற பிள்ளைதானே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் வேண்டிக்கொண்டார்.

எலும்பென்று சொல்ல எதுவுமில்லை. தேயிலை மண் புளித்த மண், எல்லாவற்றையும் தின்றுவிடும். துருவேறிய ஆணிகளும் ஒற்றை பூட்ஸின் ரப்பர் அடியும்தான் கிடைத்தன. பிறகு, தோண்டிய பங்களாதேஷ்காரப் பையன் மண்ணை விரலால் துழாவி, கறுத்துப்போன ஒரு சங்கிலியை எடுத்து நீட்டினான்.

வெள்ளி அரைஞாண். அறுந்த இடத்தில் பழைய ரேடியோவின் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தது. முறுக்கியவர் தவமலர்தான். லீவு முடிந்து கிளம்புகிற நேரத்தில் அறுந்துபோய், "சீக்கிரம் கட்டு புள்ள, பஸ்ஸு போயிரும்" என்று அண்ணன் குதித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் குத்தாமலிருக்க அன்று அவர் உள்பக்கமாக மடக்கிவிட்ட கம்பி முனை இன்னும் மடங்கியே இருந்தது.

"இங்கனயாண்ணே இருந்த?" என்றார்.

கொழுந்தெடுக்கத் தினமும் அந்த மேட்டைத் தாண்டித்தான் போனார். கணவர் குழிக்குப் பூ வைத்தவர், அடுத்தாற்போல் இருந்த இந்தக் குழியைத் திரும்பியும் பார்த்ததில்லை. பார்த்தால் அண்ணன் செத்ததாகிவிடும் என்று பயம். ஒரு சூடம்கூட ஏற்றியதில்லை.

"அண்ணனப் பட்டினி போட்டுட்டேனே தம்பி" என்று காளியண்ணனிடம் சொன்னார்.

"தெரியாம நடந்ததுதானேக்கா, விடுங்க லா" என்றார் காளியண்ணன்.

தீபாவளிக்கு முந்தைய நாள் சசிரேகாவும் வந்துவிட்டாள். சாம்பசிவத்துக்கு டின்னில் வரும் சாடின் மீன் என்றால் உயிர். சமைப்பதற்குள் பாதியைத் தின்றுவிடுவான். தவமலர் சாடின் சம்பல் வைத்து, அப்பளம் பொரித்து, அண்ணன் படத்துக்கு முதல் தடவையாகப் பொட்டு வைத்தார். இலை நிறையச் சோறு போட்டார். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டுமென்று வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். தாயும் மகளும் வாசலில் நின்றார்கள்.

பக்கத்து வீடுகளில் கதவைத் திறந்து, சாப்பிட்டு, கையும் கழுவிவிட்டார்கள். தூறல் பிடித்துக்கொண்டது.

"போதும்மா, கதவத் தொறங்க. நனையிறீங்க" என்று சசிரேகா கையை நீட்டினாள்.

தவமலர் கதவை மறித்துக்கொண்டார்.

"சும்மா இருடி. அம்பது வருசமா சாப்புடல ஒம் மாமா. அதுக்குள்ள எப்படிடி முடியும்?"